ஆயில் ஊத்தினவர் சொன்னப்புறம் சுவிட்சைப் போடுங்க

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ சமையல் குறிப்புன்னு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது தொழிற்சாலை பம்பு பத்தின பதிவு. அதுலயும் பம்போட பேரிங் பத்தி. அதுலயும் பம்பை ஓட்டறதுக்கு முன்னாடி அந்த பேரிங்குக்கு ஆயிலோ கிரீஸோ போடற வேலை பத்தி. "இதுல கருத்து சொல்ல என்னய்யா இருக்கு, ஊத்தினா முடிஞ்சுது"ன்னு கேக்கறீங்களா? அப்படித்தான் நிறைய பேர் நினைக்கிறாங்க. அதனாலதான் எழுதறேன்.

கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு பம்பைப் புதுசா ஓட்டறப்பவும் சரி, ரிப்பேர் முடிஞ்சு திரும்ப ஓட்டறப்பவும் சரி, "இப்ப ஸ்டார்ட் பண்ணலாம்"னு கடைசி வார்த்தை சொல்ற உரிமை அந்த பேரிங்குக்கு ஆயில் ஊத்தினவருக்கு இருக்கணும். மேனேஜர், கன்ட்ரோல் ரூம்காரர், என்னை மாதிரி பொட்டி தட்டறவன் எழுதின சாப்ட்வேர், எல்லாம் அவருக்கு அப்புறம்தான். ஏன்னு சொல்றேன்.

ஆரம்பத்துல அப்படி என்ன ஆபத்து?

பம்புக்குள்ள சுத்தற ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்கறது பேரிங். சின்ன, நடுத்தர பம்புகள்ல பெரும்பாலும் பால் பேரிங். ரொம்பப் பெரிய பம்புகள்ல வெள்ளை உலோகம் பூசின ஸ்லீவ் பேரிங். எதுவா இருந்தாலும், உலோகமும் உலோகமும் ஒட்டி உரசாம நடுவுல நிக்கறது ஒரு ஆயில் படலம். பால் பேரிங்குல அந்தப் படலம் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கம்மி. நம்ம தலைமுடியோட தடிமன் சுமாரா 50லேர்ந்து 100 மைக்ரான். கணக்குப் போட்டுப் பாருங்க. டன் கணக்குல தண்ணி தள்ற பம்பு அந்த மெல்லிசான படலத்து மேலதான் ஓடுது.

இந்தப் படலம் எப்படி உருவாகுதுங்கறதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. இங்கிலாந்துல பீச்சம் டவர்னு ஒரு இன்ஜினியர். அங்கத்திய மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்காக ரயில் பெட்டி அச்சு பேரிங்குகளை வச்சு சோதனை பண்ணிட்டு இருந்தார். முடிவுகள் 1883ல வெளியாச்சு. பேரிங்கோட உச்சியில ஆயில் விடறதுக்காக ஒரு ஓட்டை போட்டார். அச்சு கீழே ஆயில்ல நனைஞ்சபடி சுத்திட்டு இருந்தது. பார்த்தா, மேலேர்ந்து ஆயில் உள்ளே போறதுக்குப் பதிலா உள்ளேர்ந்து ஆயில் மேலே வருது! கார்க் வச்சு அடைச்சார், அது பிடுங்கிட்டு வந்துச்சு. மரக்கட்டை வச்சு அடைச்சார், அதையும் தள்ளிடுச்சு. அப்புறம் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தா சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போகுது. பேரிங் மேல இருந்த சராசரி பாரமே சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

இதுக்குக் கணித விளக்கம் கொடுத்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1886ல. சுத்தற ஷாஃப்ட் தன்னோட ஆயிலை இழுத்துட்டுப் போய், குறுகிட்டே வர்ற இடைவெளிக்குள்ள திணிக்குது. அங்க அழுத்தம் பிறக்குது. அந்த அழுத்தம்தான் ஷாஃப்டைத் தூக்கி நிறுத்துது. பால் பேரிங்குல கணக்கு வேற மாதிரி இருந்தாலும் அடிப்படை இதேதான். படலம் வேணும்னா ஷாஃப்ட் சுத்தணும், சுத்தறப்போ அங்க ஆயில் இருக்கணும்.

இப்ப யோசிங்க. நின்னுட்டு இருக்கற பம்புல சுத்தல் இல்ல, அதனால படலமும் இல்ல. ஷாஃப்ட் உலோகத்து மேலதான் உக்காந்திருக்கு. சுவிட்சைப் போட்ட அந்த நொடியில பேரிங்குக்குள்ள ஏற்கனவே இருக்கற ஆயிலை வச்சுத்தான் முதல் சில சுத்துகளைச் சமாளிக்கணும். இரண்டு துருவ மோட்டார் மாட்டின பம்பு நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுல நிமிஷத்துக்கு சுமார் 2,900 சுத்து சுத்தும். "ஐயோ, ஆயில் இல்ல"ன்னு யாராவது கத்தி, இன்னொருத்தர் ஓடிப் போய் நிறுத்தறதுக்குள்ள ஆயிரம், ரெண்டாயிரம் சுத்து முடிஞ்சிருக்கும்.

இதுல கொடுமை என்னன்னா, அந்த பேரிங் அன்னிக்கே போகாது. மேல்பரப்புல கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழுந்திருக்கும். அப்புறம் ஆயில் ஊத்தி ஓட்டுவாங்க, ஓடும். சில வாரமோ சில மாசமோ கழிச்சு சத்தம் கொடுக்கும், சூடாகும், போகும். ரிப்போர்ட்ல "பேரிங் பெயிலியர்"னு ஒரு வரி எழுதி, பேரிங் செஞ்ச கம்பெனியைத் திட்டிட்டு, புதுசு மாட்டிடுவாங்க. முதல் நாள் காலையில என்ன நடந்ததுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"ஊத்தியாச்சு"ங்கற வார்த்தைக்குள்ள எத்தனை ஓட்டை

ஆயிலை ஊத்தற வேலை பார்க்க சுலபமாத் தெரியும். ஆனா அதுல தப்பாகறதுக்கு எத்தனை வழி இருக்குன்னு பாருங்க.

ஒண்ணு, புது பம்பு. பல பம்புகளை ஆயில் இல்லாமத்தான் அனுப்புவாங்க. லாரியிலயும் கப்பல்லயும் சிந்தும், அதான் காரணம். உள்ளே துருப் பிடிக்காம இருக்க ஒரு பூச்சு மட்டும் இருக்கும். பம்பு மேல ஒரு அட்டையும் தொங்கும், ஆயில் ஊத்தாம ஓட்டாதேன்னு. பெயிண்ட் அடிக்கறப்பவோ பைப் மாட்டறப்பவோ அந்த அட்டை எங்கேயாவது போயிடும். பளபளன்னு நிக்கற புது பம்பைப் பார்த்தா உள்ளே வறண்டு கிடக்குன்னு யாருக்குத் தோணும்?

ரெண்டு, அளவு. பால் பேரிங் ஆயில்ல நனைஞ்சு ஓடற மாதிரி அமைச்சிருந்தா, பம்பு நிக்கறப்போ ஆயில் மட்டம் அடியில இருக்கற உருண்டையோட நடுப்பகுதி வரைக்கும் இருக்கணும். கீழே போனா வறட்சி. மேலே போனா உருண்டைகள் ஆயிலைக் கடையும், நுரைக்கும், சூடாகும். "இருக்கட்டுமே, கூட கொஞ்சம் ஊத்துவோம்"ங்கற நல்ல மனசு இங்க செல்லாது.

மூணு, ஆயிலர் பாட்டில். பம்பு ஓரத்துல தலைகீழாக் கவுத்த மாதிரி ஒரு கண்ணாடி பாட்டில் இருக்குமே, அதுதான். ஹவுசிங்ல மட்டம் இறங்கினா பாட்டில்லேர்ந்து தானா இறங்கி ஈடு கட்டும். நல்ல ஏற்பாடு. ஆனா பாட்டில் நிறைஞ்சிருந்தா ஹவுசிங்கும் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல. நடுவுல இருக்கற சின்னக் குழாய் அழுக்குல அடைச்சிருந்தா பாட்டில் நிறைய ஆயில் நிக்கும், உள்ளே பேரிங் காஞ்சு கிடக்கும். தூரத்துலேர்ந்து பார்க்கறவருக்கு "ஆயில் புல்".

நாலு, மட்டம் பார்க்கற வட்டக் கண்ணாடி, அதாவது சைட் கிளாஸ். வருஷக் கணக்கா ஆயில் பட்டுப் பட்டு அதுல ஒரு பழுப்புக் கறை படிஞ்சிருக்கும். உள்ளே ஆயிலே இல்லைன்னாலும் பாதி வரைக்கும் இருக்கற மாதிரி தெரியும்.

அஞ்சு, கிரீஸ். கிரீஸ் கன்னை எடுத்து வெளியே பிதுங்கற வரைக்கும் அடிக்கறவங்க நிறைய. பேரிங் கம்பெனிகள் மறுபடி கிரீஸ் போடறதுக்கு ஒரு எளிய கணக்கு கொடுத்திருக்காங்க. வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டர்ல பெருக்கி, அதை 0.005ஆல பெருக்கினா கிராம்ல அளவு வரும். 6312ன்னு ஒரு பால் பேரிங்கை எடுத்துக்குங்க. வெளி விட்டம் 130, அகலம் 31. கணக்குப் போட்டா சுமார் 20 கிராம். ஒரு தடவை அழுத்தினா எத்தனை கிராம் வரும்ங்கறது கன்னுக்குக் கன் மாறும். பத்து தடவை ஒரு தாள்ல அடிச்சு, தராசுல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். இன்னொண்ணு, எல்லா கிரீஸும் ஒண்ணோட ஒண்ணு சேராது. மோட்டார் பேரிங்ல பாலியூரியா கிரீஸ் இருக்கறப்போ அது மேல லித்தியம் கிரீஸை அடிச்சா, பல சமயம் ரெண்டும் கலந்து தண்ணியா ஓடிடும், இல்ல கட்டியாயிடும்.

ஆறு, சும்மா நிக்கற ஸ்டாண்ட்பை பம்பு. பக்கத்துல ஓடற பம்போட அதிர்வு தரை வழியா வந்து, நிக்கற பேரிங்குல உருண்டைகளை ஒரே இடத்துல தட்டிக்கிட்டே இருக்கும். படலம் விலகி அங்கங்க குழி விழும். அதுக்குத்தான் அப்பப்ப ஷாஃப்டைக் கையால கொஞ்சம் திருப்பி வைக்கணும்னு சொல்றது. ஓட்டறதுக்கு முன்னாடியும் ஆயில் எல்லா உருண்டை மேலயும் பரவற மாதிரி கையால சில சுத்து சுத்தணும். கரண்ட்டைத் துண்டிச்சு பூட்டினப்புறம்தான், விளையாட்டு இல்ல.

ஆயிலுக்குப் பதிலா தண்ணியே பேரிங்குக்கு மசகா இருக்கற பம்பும் உண்டு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். கோயமுத்தூர் பக்கம் செய்யற, தண்ணி நிரப்பற வகை சப்மெர்சிபிள் மோட்டாரை போர்ல இறக்கறதுக்கு முன்னாடி சுத்தமான தண்ணி ஊத்தி, காத்து முழுக்க வெளியேறினப்புறம் மூடுவாங்க. உள்ளே பேரிங்கை நனைக்கறது அந்தத் தண்ணிதான். "எப்படியும் தண்ணிக்குள்ளதானே போகப் போகுது"ன்னு அதை விட்டுட்டா மோட்டார் போச்சு.

கையால தொடறவருக்குத்தான் தெரியும்

மேல சொன்ன ஆறும் பாடப் புத்தகத்துல தேடினாக் கிடைக்கும். ஆனா இந்த பம்புல இன்னிக்கு எது தப்புன்னு எந்தப் புத்தகமும் சொல்லாது. நான் படிச்சது மெக்கானிக்கல், செய்யறது சாப்ட்வேர். ஷட்டவுன் முடிஞ்சு பிளான்ட்டைத் திரும்ப ஓட்டறப்போ நிரப்பற செக்லிஸ்ட்டைக் காகிதத்துலேர்ந்து டேப்லெட்டுக்கு மாத்தற ஒரு வேலைக்காக ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். ரிட்டயராகப் போற வயசுல ஒரு பிட்டர் அண்ணன் கூட வந்தார். பாட்டில் நிறைஞ்சிருந்த ஒரு பம்பைக் காட்டி, "இது ஓகேதானே அண்ணே"ன்னு கேட்டேன்.

"பாட்டிலை நம்பாதீங்க தம்பி"ன்னு சொல்லிட்டு, டார்ச்சை சைட் கிளாஸுக்குப் பக்கவாட்டுல பிடிச்சார். கப்ளிங் பக்கம் ஷாஃப்டைப் பிடிச்சு மெதுவா முன்னும் பின்னும் திருப்பினார். உள்ளே நிஜமாவே ஆயில் இருந்தா மட்டம் லேசா அசையும், கறையா இருந்தா அசையாது. அங்க அசையல. அடியில வடிகால் பிளக்கை லூஸ் பண்ணினார். ஒரு சொட்டு வந்துச்சு, நின்னு போச்சு. குழாய் அடைப்பு.

ஒரு மணி நேரத்துல ஓடியிருக்க வேண்டிய பம்பு அது. காகிதத்துல அதுக்கு ஏற்கனவே டிக் விழுந்திருந்தது. அந்த டிக்கைப் போட்டவர் பம்புப் பக்கமே வரலை. அவர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. ஒரே ஆள், நாப்பது பம்பு, "எப்ப முடியும், எப்ப முடியும்"னு நிமிஷத்துக்கு ஒரு போன்.

அப்புறம் டேப்லெட் வந்துச்சு. பழைய காகிதத்துல நேரம் இருக்காது, டேப்லெட்ல இருக்கும். எடுத்துப் பார்த்தா நாப்பது பம்புக்கும் "லூப்ரிகேஷன் சரி"ங்கற டிக் வரிசையா ஓரிரு நிமிஷத்துக்குள்ள விழுந்திருக்கு. நாப்பது பம்பைச் சுத்தி நடக்கறதுக்கே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். பொய்யைக் காகிதத்துலேர்ந்து கண்ணாடித் திரைக்கு மாத்திக் கொடுத்திருக்கோம், அவ்வளவுதான்.

பெரிய பம்புக்கு ஒரு நியாயம், சின்ன பம்புக்கு ஒரு நியாயம்

அனல் மின் நிலையத்துல பாய்லருக்குத் தண்ணி தள்ற பெரிய பம்பு இருக்கு. அதுக்குத் தனியா ஒரு ஆயில் சிஸ்டம். முதல்ல துணை ஆயில் பம்பு ஓடணும், பேரிங்குக்குப் போற ஆயில் அழுத்தம் குறிச்ச அளவுக்கு வரணும். அதுக்கப்புறம்தான் பெரிய மோட்டார் கிளம்பும். அழுத்தம் வரலைன்னா எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும் ஸ்டார்ட் ஆகாது. இதுக்குப் பேர் இன்டர்லாக். இங்க யார் அவசரப்பட்டாலும் மெஷின் "முடியாது"ன்னு சொல்லிடும்.

சின்ன பம்புக்கு இப்படி ஒரு இன்டர்லாக் பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் வைக்கக் கட்டுப்படியாகாது, ஒத்துக்கறேன். அப்போ அங்க இன்டர்லாக் யாரு? ஆயில் கேனைத் தூக்கிட்டுப் போற அந்த மனுஷன்தான். ஆனா அவரை எப்படி வச்சிருக்கோம்? பல இடங்கள்ல அவர் கான்ட்ராக்ட் ஹெல்பர். இருக்கறதுலயே கம்மி சம்பளம். எந்த ஆயில், எவ்வளவுன்னு யாரும் உக்கார வச்சு சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. "இல்ல சார், இந்த பம்பு வேண்டாம், இப்ப போடாதீங்க"ன்னு அவர் சொன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள விடுவாங்களான்னு அவருக்கே தெரியாது. முடியாதுன்னு சொல்ல முடியாத ஒண்ணு எப்படிங்க இன்டர்லாக் ஆகும்?

மாட்டு வண்டி காலத்தை நினைச்சுப் பாருங்க. அச்சுக்கு வண்டி மை போடறவரும் வண்டியை ஓட்டறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். மை போதலைன்னா கிறீச்சுங்கற சத்தம் அவர் காதுலதான் விழும், மாடு திணறறது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால மை போடாம அவர் வண்டியைப் பூட்ட மாட்டார். தொழிற்சாலையில நாம அந்த ஒரு ஆளை ரெண்டாப் பிரிச்சுட்டோம். மை போடறவர் ஒரு பக்கம், வண்டியைக் கிளப்பறவர் எங்கேயோ ஏசி ரூம்ல. நடுவுல ஒரு டிக்.

தப்பாப் போனா யாருக்கு அடி? பேரிங் போனா ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடினா மெக்கானிக்கல் சீல் கசியும். உள்ளே ஓடறது தண்ணியா இருந்தா தரை நனையும். நாப்தாவா இருந்தா தீப்பிடிக்கும். அப்போ பம்புக்குப் பக்கத்துல நிக்கறது அந்த ஹெல்பரும் ஆப்பரேட்டரும்தான். செக்லிஸ்ட்ல டிக் கேட்டவங்க யாரும் அங்க இருக்கப் போறதில்ல.

"அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது தம்பி"

இதைப் பேசினா வர்ற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"நேரம் இல்ல." ஒரு பம்புக்கு நிதானமா 20 நிமிஷம்னு வைங்க. நாப்பது பம்புக்கு 800 நிமிஷம். ஒரே ஆள் செஞ்சா 13 மணி நேரத்துக்கு மேல. நாலு பேர் செஞ்சா 3 மணி 20 நிமிஷம். ஷட்டவுன் பல நாள் நடக்குது. அதுக்குள்ள இந்த மூணு மணி நேரத்துக்கு இடம் இல்லைன்னா அது திட்டம் போட்டவரோட பிரச்சினை.

"சென்சார் மாட்டிடலாம்." மாட்டுங்க, எனக்கும் அதுலதான் சோறு. ஆனா அதிர்வு சென்சாரும் வெப்ப சென்சாரும் பம்பு ஓட ஆரம்பிச்சு, பேரிங் வலியில முனக ஆரம்பிச்சப்புறம்தான் பேசும். நாம பேசறது அதுக்கு முந்தின நிமிஷத்தைப் பத்தி. ஆயில் மட்டத்துக்குன்னே சென்சார் இருக்கு, சரி. உள்ளே ஊத்தினது விஜி 68 ஆயிலா, கையில கிடைச்ச விஜி 32 ஆயிலான்னு அதுக்குத் தெரியாது. இந்த எண் 40 டிகிரியில ஆயிலோட பாகுத்தன்மை. 68 கேக்கற இடத்துல 32 ஊத்தினா மட்டம் சரியா இருக்கும், படலம் மெல்லிசாயிடும்.

"ஆயுசுக்கும் கிரீஸ் அடைச்ச பேரிங் போட்டுடலாம்." சின்ன பம்புக்குச் சரி. சூடான திரவம், அதிக வேகம், பெரிய ஷாஃப்ட்னு வந்துட்டா அது எல்லா இடத்துக்கும் ஆகாது. ஸ்டோர்ல வருஷக் கணக்கா தூங்கின பேரிங்கோட கிரீஸும் கெட்டுப் போகும்.

"அவங்களுக்கு உரிமை கொடுத்தா வேலையை இழுத்தடிப்பாங்க." இதுதான் உண்மையான பதில், மத்ததெல்லாம் சால்ஜாப்பு. எங்க வேலையில டெஸ்ட் பண்றவர் "இது போகக் கூடாது"ன்னு சொன்னா ரிலீஸை நிறுத்தறோம். அவர் சோம்பேறின்னு யாரும் சொல்றதில்ல. ஒரு இணையப் பக்கம் தப்பா வந்துடக் கூடாதுங்கறதுக்கே அந்த மரியாதை. நெருப்புப் பிடிக்கற திரவத்தைத் தள்ற மெஷினுக்கு ஆயில் ஊத்தறவருக்குக் கிடையாதா?

நான் கேக்கறது மூணே மூணு

முதல்ல, டிக்கை எடுத்துட்டு எண்ணை எழுதச் சொல்லுங்க. எந்த ஆயில், மட்டம் எங்க, எத்தனை கிராம் கிரீஸ், கையால சுத்தினப்போ லேசாச் சுத்துச்சா, உரசுச்சா. "சரி"ன்னு பொய் சொல்றது சுலபம். நாப்பது பம்புக்கு நாப்பது எண்ணை உக்காந்து கற்பனை பண்றதுக்கு, போய்ப் பார்த்துட்டே வந்துடலாம்.

ரெண்டாவது, பூட்டு. மெயின்டனன்ஸ் நேரத்துல மோட்டார் பிரேக்கரைப் பூட்டி அட்டை தொங்க விடற பழக்கம் ஏற்கனவே இருக்கு. அதுல ஆயில் ஊத்தறவருக்கும் சொந்தமா ஒரு பூட்டு, ஒரு சாவி. அவர் வந்து தன் பூட்டைக் கழட்டற வரைக்கும் அந்த பம்புக்குக் கரண்ட் போகக் கூடாது. செலவு ஒரு பூட்டோட விலை.

மூணாவது, அந்த வேலைக்கு ஒரு பேரும், படிப்பும், அதுக்குத் தகுந்த சம்பளமும். அன்னிக்கு ஒரு சொட்டு ஆயிலைப் பார்த்து அந்த பம்பை நிறுத்தின அண்ணன் முப்பது வருஷமா சேர்த்த அறிவு அது. அவர் ரிட்டயர் ஆகறப்போ அவர் கூடவே கேட்டைத் தாண்டிப் போயிடும். அதை அடுத்தவருக்குச் சொல்லித் தர அவருக்கு யாரும் ஒரு மணி நேரம் கூட ஒதுக்கலைங்கறதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நம்மள்ல பிளான்ட்ல வேலை பார்க்கறவங்க, கப்பல்ல இருக்கறவங்க, மில்லுல இருந்தவங்க சில பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்க இடத்துல பம்பைக் கிளப்பறதுக்கு முன்னாடி கடைசி வார்த்தை யாரோடது? "வேண்டாம்"னு ஒரு ஹெல்பர் சொல்லி, அதைக் கேட்டு நிறுத்தின கதை ஏதாவது இருந்தா அவசியம் எழுதுங்க. படிக்க ஆசையா இருக்கு.